குதிரை லாயத்தில் விரிந்த தோட்டாக்கள்

அபிராமபுரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் பித்தளைப் பூச்சாடி ஒன்று இருக்கிறது. ஓர் அடி உயரம். துலக்கி வைத்தால் தங்கம் போல் மின்னும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அங்கே 1942 என்று வருஷம் பொறித்திருக்கிறது.

அது பூச்சாடி அல்ல. பீரங்கிக்கு வெடிமருந்து அடைத்த பித்தளை உறை. இரண்டாம் உலக யுத்தத்தில் பெயர் பெற்ற ‘25 பவுண்டர்’ என்ற பீரங்கிக்கு உரியது. அந்த வீட்டு மாமியின் மாமனார் பட்டாளத்திலிருந்து திரும்பியபோது ஞாபகார்த்தமாகக் கொண்டுவந்தாராம்.

சாடியின் வாயிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போல ஒரு கீறல் ஓடுகிறது. நான்கு விரற்கடை நீளம். தண்ணீர் ஊற்றினால் கசிகிறது.

“எப்போதாவது கீழே விழுந்ததா, மாமி?” என்று கேட்டேன்.

“விழவே இல்லை. எண்பது வருஷம் ஆச்சோல்லியோ? பித்தளைக்கும் வயசாகாதா?” என்றார்.

நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். பழைய தோட்டாக்களைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. ‘நாள்பட்ட பித்தளை, நொறுங்கிப் போய்விட்டது’ என்பார்கள். ஆனால் பித்தளைக்கு முதுமை என்பது கிடையாது. நூறு வருஷத்துக்கு முந்திய குத்துவிளக்குகள் நம் வீட்டுப் பூஜை அறைகளில் ஒரு கீறல் இல்லாமல் எரிகின்றன. அதே செம்பு, அதே துத்தநாகம். விளக்கு பிழைக்கிறது, தோட்டா விரிகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது நம் நாட்டுத் தோட்டாக்களால்தான். அதைத் தெரிந்துகொள்ள நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போய், ஒரு குதிரை லாயத்துக்குள் நுழைய வேண்டும்.

மழையோடு வந்த நோய்

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். அவர்களுடைய ராணுவம் இந்தியா முழுவதும் பரவியிருந்தது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்தில் தோட்டா செய்தார்கள். புனாவுக்கு அருகே கட்கியில் 1869-இல் தோட்டாத் தொழிற்சாலை ஏற்பட்டது. சீமையிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தோட்டா வந்து இறங்கியது.

அந்தக் காலத்து ராணுவத்துக்குக் கால் என்றால் குதிரைதான். பீரங்கியை இழுப்பது குதிரை. தளபதியைச் சுமப்பதும் குதிரை. நம் ஊர்ப் பரங்கிமலையில் மதராஸ் ராணுவத்தின் பீரங்கிப் படை தலைமையிடம் அமைத்திருந்தது. பீரங்கிப் படை இருந்தால் அங்கே லாயமும் இருக்கும்.

மழைக்காலம் வந்தால் சண்டையும் பயிற்சியும் குறையும். தோட்டாக்களை நனையாமல் எங்கேயாவது வைக்க வேண்டும். கூரை போட்ட இடம் லாயம். அங்கே கொண்டுபோய் அடுக்கினார்கள். மழை முடிந்ததும் பெட்டியைத் திறந்தால் ஆச்சரியம்! வைக்கும்போது நன்றாக இருந்த தோட்டாக்களில் பல, கழுத்துப் பக்கத்தில் நீளவாக்கில் விரிந்து கிடந்தன. யாரும் அடிக்கவில்லை, மிதிக்கவில்லை. சும்மா இருந்த இடத்திலேயே விரிந்துவிட்டன.

மழைப் பருவத்தோடு வந்ததால் ‘சீசன் கிராக்கிங்’ என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். தமிழில் பருவ விரிசல் என்று சொல்லலாம். பெயர் வைத்தாயிற்று, காரணம்தான் தெரியவில்லை. ஈரம் என்றார்கள் சிலர். உஷ்ணம் என்றார்கள் சிலர். மட்டமான பித்தளை என்று வேறு சிலர் சொன்னார்கள். குதிரையை யாரும் சந்தேகிக்கவில்லை.

‘ஒரு கீறல்தானே, போனால் போகிறது’ என்று விட்டுவிட முடியாது. அந்தத் தோட்டாவை நம்பி ஒரு சிப்பாயின் உயிர் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

தோட்டா செய்யும் வேலை

தோட்டாவில் நாலு பாகம் உண்டு. முனையில் பறந்து போகும் குண்டு. அடியில், சுத்தியல் பட்டதும் பொறி தட்டும் சின்ன மூடி. உள்ளே வெடிமருந்து. இவை மூன்றையும் தாங்கிப் பிடிப்பது பித்தளை உறை.

உறையின் வேலை மருந்தைத் தாங்குவதோடு முடிவதில்லை. மருந்து எரியும் அந்தக் கணத்தில் உறை பலூன் போல உப்பித் துப்பாக்கியின் சுவரோடு அப்பிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் நெருப்பும் புகையும் பின்னால் வராமல் குண்டை முன்னால் தள்ளும். குண்டு வெளியேறியதும் உறை சற்றே சுருங்கி விலக வேண்டும். அப்போதுதான் அதை இழுத்து வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைப் போட முடியும். உப்பவும் தெரிய வேண்டும், சுருங்கவும் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அற்புதமாகப் பொருந்தியது. அதற்குத் ‘தோட்டாப் பித்தளை’ என்றே பெயர்.

அந்த அழுத்தம் எவ்வளவு தெரியுமா? நம் போலீஸ்காரர்கள் வெகுகாலம் சுமந்த 303 துப்பாக்கியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் தோட்டா வெடிக்கும்போது ஒரு சதுர அங்குலத்தில் ஏறக்குறைய 18 டன் அழுத்தம் உண்டாகிறது. ஒரு தபால் தலையின் மேல் நாலு யானைகள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உறையில் விரிசல் இருந்தால், அந்த வழியாக நெருப்புக் காற்று பீறிடும். கழுத்தில் சின்னக் கீறல் என்றால் குறி தவறும். அடிப்பக்கம் பிளந்தால் சுடுகிறவன் முகத்திலேயே பாயும். சில சமயம் உறை இரண்டாக அறுந்து, முன்பாதி துப்பாக்கிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். எதிரி எதிரே நிற்கிறான். கையில் இருப்பதோ இரும்புத் தடி! சுடுவதற்கு முன்பே கீறல் விழுந்திருந்தால் ஈரம் உள்ளே புகுந்து மருந்து நமுத்துப் போகும். குதிரையைத் தட்டினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். (இது துப்பாக்கிக் குதிரை. லாயத்துக் குதிரை அல்ல.)

இனி, உறை செய்யும் விதம். ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமான தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணம் ஆக்குவார்கள். கிண்ணத்தை இன்னும் அழுத்தி நீட்டுவார்கள். இப்படிப் பல தடவை இழுத்து இழுத்து நீளமான குழாய் ஆக்குவார்கள். இழுக்க இழுக்கப் பித்தளை முறுக்கேறிக் கடினமாகும். ஆகையால் நடுநடுவே உலையில் காய்ச்சி இளக்குவார்கள். கடைசியில் கழுத்தைக் குறுக்கிக் குண்டைச் செருகி இறுக்குவார்கள். இந்தக் கடைசி இழுப்பும் இறுக்கமும் பித்தளைக்கு உள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பான உறை. உள்ளே விறைப்பாக இழுத்துக் கட்டிய நாண்.

மூன்று பேர் பிடித்த திருடன்

முதல் உலக யுத்தத்தில் தோட்டாக்களும் பீரங்கிக் குண்டு உறைகளும் கோடிக்கணக்கில் செய்யப்பட்டன. அவை விரிவதும் பெரிய தலைவலி ஆயிற்று. இங்கிலாந்தில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதில் இறங்கினார்கள். 1921-இல் முடிவை வெளியிட்டார்கள். குற்றவாளி அம்மோனியா!

அம்மோனியா என்றால் புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஈயம் பூசுகிறவர் தெருவில் துருத்தி வைத்து, காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவித் தேய்க்கும்போது, மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி ஒன்று உண்டே, அதில் இருப்பது அம்மோனியாதான். கழுவாத மூத்திரக் கொட்டகையில் கண்ணைக் கரிக்கிறதே, அதுவும் அதுதான். சிறுநீரில் யூரியா இருக்கிறது. கிருமிகள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன.

லாயத்தில் என்ன நடந்தது என்று இப்போது விளங்கும். மழைக்காலம், கதவு சாத்தியிருக்கும். குதிரைகளின் சிறுநீரிலிருந்து அம்மோனியா ஓயாமல் கிளம்பும். காற்றிலோ ஈரம். அந்த ஈரம் தோட்டாவின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலமாகப் படியும். அதில் அம்மோனியா கரையும். செம்புக்கும் அம்மோனியாவுக்கும் ஒரு பொல்லாத உறவு உண்டு. காற்றும் ஈரமும் கூட இருந்தால், அம்மோனியா செம்பைக் கரைத்து நீல நிறமாக்கிவிடும். பள்ளிக்கூடத்து ரசாயன வகுப்பில் அந்த அழகான நீலத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

அம்மோனியா மேலே மட்டும் அரித்திருந்தால் குற்றமில்லை. அது நுழையும் வழி வேறு. பித்தளை ஒரே கட்டி போலத் தோன்றினாலும், பூதக் கண்ணாடியில் பார்த்தால் சின்னச் சின்ன மணிகள் ஒட்டியது தெரியும். லட்டில் பூந்தி ஒட்டியிருப்பது போல. அம்மோனியா பூந்தியை விட்டுவிட்டு, பூந்திகள் ஒட்டிய இடத்தைத் தேடிப் போகிறது. அங்கே ஒரு நுண்ணிய பள்ளம் விழுகிறது. உள்ளே விறைத்திருக்கும் இழுப்பு அந்தப் பள்ளத்தைப் பிளக்கிறது. பிளந்த இடத்தில் அம்மோனியா இன்னும் உள்ளே போகிறது. மறுபடி பிளக்கிறது. இப்படியே ஓர் ஓரத்திலிருந்து கீறல் நடக்கிறது.

மிருதங்கம் வாசிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். வார் பிடித்து விறைப்பாக இருக்கும் தோலில் ஒரு நகக்கீறல் பட்டால் போதும், ‘டர்’ரென்று கிழியும். அதே தோல் தளர்ந்து கிடந்தால், கீறல் கீறலாகவே இருக்கும். இழுப்பு மட்டும் இருந்தாலும் தோல் கிழியாது. கீறல் மட்டும் இருந்தாலும் கிழியாது. இரண்டும் சேர வேண்டும்.

விரிந்த தோட்டாவில் கீறல் இல்லாத பகுதியை வெட்டி எடுத்து வளைத்துப் பார்த்தால், புதுப் பித்தளை போலவே வளையும். உலோகம் கிழடாகி நொறுங்கவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

வேறு நோய்களும் உண்டு

எல்லாப் பழியையும் குதிரை மேல் போடுவதும் நியாயம் அல்ல. பழைய தோட்டா கெடுவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று பாதரசம். முன்காலத்தில் பொறி தட்டும் மூடியில் பாதரசம் கலந்த மருந்தை வைத்தார்கள். சுட்டவுடன் பாதரசம் பிரிந்து உறையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். உடைந்த காய்ச்சல் கருவியின் பாதரசம் தங்க வளையலில் பட்டால் வளையல் என்ன ஆகிறது? வெளுத்து, வலுவிழந்து போகிறது அல்லவா? பித்தளைக்கும் அதே கதிதான். காலி உறையில் மறுபடி மருந்து அடைத்துப் பயிற்சிக்கு உபயோகித்தபோது அவை முறிந்தன. உண்மையில் நொறுங்கும் பித்தளை என்று சொல்லத் தக்கது இதுதான். இதற்கும் காரணம் வயது அல்ல. பின்னாளில் பாதரசம் இல்லாத மருந்துகள் வந்துவிட்டன.

மற்றொன்று, உள்ளே இருக்கும் வெடிமருந்தே. பஞ்சை அமிலத்தில் பதப்படுத்திச் செய்யும் மருந்து, வெகுநாள் கழித்துத் தானாகவே சிதையத் தொடங்கும். அப்போது வரும் ஆவி ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, உறையை உள்ளிருந்தே அரிக்கும். நீலகிரியில் குன்னூர் அருகே அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இத்தகைய மருந்துக்குப் பெயர் போனது. கார்டைட் மருந்தில் வாசலினையும் கலப்பார்கள். துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்கட்டும் என்று சேர்த்தார்கள். அதுவோ மருந்து சீக்கிரம் சிதையாமலும் காத்தது. தெரியாமல் செய்த நன்மை!

‘எங்கள் பக்கம் கடற்காற்று ஆயிற்றே, உப்பு இல்லையா காரணம்?’ என்று அபிராமபுரத்துக்காரர்கள் கேட்கலாம். உப்புக் காற்று பித்தளையைக் கறுக்க வைக்கும், பச்சை பூக்க வைக்கும். பழைய வெண்கலச் சிலைகளை உப்பு பொடிப்பொடியாக அரிப்பதும் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் ஏற்பட்ட ரசாயனக் கூடம் அந்தச் சிலை நோய்க்கு வைத்தியம் பார்த்தது. ஆனால் மயிரிழை போல நேராக ஓடும் விரிசல் உப்பின் கைவேலை அல்ல.

சூடு வைத்தால் தீரும்

நோய் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. அம்மோனியாவை உலகத்திலிருந்து ஒழிக்க முடியாது. ஆகவே உறையின் உள்ளே இருக்கும் இழுப்பைத் தளர்த்தினார்கள். 250 முதல் 300 டிகிரி வரை உறையைச் சூடாக்கிச் சற்று நேரம் வைத்தால் போதும். பித்தளையின் வலிமை குறையாது. விறைப்பு மட்டும் இறங்கிவிடும். கழுத்துப் பக்கத்தைத் தனியாக அனலில் காட்டுவதும் உண்டு. புதிய ராணுவத் தோட்டாவின் கழுத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு நிழல் தெரிந்தால், அது அழுக்கல்ல. அனல் பட்ட அடையாளம்.

விறைப்பு இறங்கியதா என்று பார்க்கப் பாதரச உப்பு கரைத்த நீரில் உறையை அமிழ்த்துவார்கள். இழுப்பு பாக்கி இருந்தால் சில நிமிஷங்களில் கண்ணெதிரே கீறும். பாதரசம் விஷம் ஆகையால், அம்மோனியா ஆவியிலேயே வைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. திருடனைக் கொண்டே பூட்டைச் சோதிப்பது போல!

நம் ஊர்க் கன்னார்கள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் குடம் தட்டும்போது நாலு அடி அடித்துவிட்டு, தகட்டை உலையில் போட்டுக் காய்ச்சி, மறுபடி தட்டுவார்கள். காய்ச்சாமல் தட்டினால் கிழியும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். ஈயம் பூசும்போதும் பாத்திரம் நன்றாகச் சூடேறுகிறது. வெள்ளீயம் உருகவே 232 டிகிரி வேண்டும். ஈயப் பூச்சோடு கொஞ்சம் விறைப்புத் தளர்ச்சியும் பாத்திரத்துக்கு இலவசம். குத்துவிளக்கு பிழைத்ததன் ரகசியமும் இதுதான். அது இழுத்துச் செய்ததல்ல. உருக்கி வார்த்து, கடைந்து எடுத்தது. உள்ளே அவ்வளவு விறைப்பு இல்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தகட்டில் செய்த பித்தளைச் சாமான்களைக் கோழிக் கூண்டு, மாட்டுத் தொழுவம், யூரியா மூட்டை இவற்றின் பக்கத்தில் வெகுநாள் வைக்கக் கூடாது. கடையில் விற்கும் மெருகுத் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. துடைத்தபின் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். புளிக்கு அந்தக் குற்றம் இல்லை. பாட்டி வைத்தியமே மேல். செம்புப் பாத்திரத்துக்கு இந்தப் பயம் அநேகமாகக் கிடையாது. நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் துத்தநாகம் கலந்த பித்தளைக்குத்தான் இந்த நோய் பெரும்பாலும் வருகிறது.

சமையல் எரிவாயு சிலிண்டரின் வால்வும் பித்தளைதான். அமெரிக்காவில் திருடர்கள், வயலுக்குப் போடும் அம்மோனியாவைத் திருடி எரிவாயு சிலிண்டர்களில் அடைத்தார்கள். வால்வுகள் நீலம் பாய்ந்து கீறின. நீல வால்வு உள்ள சிலிண்டரைத் தொட வேண்டாம் என்று அங்கே எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். நம் வீட்டு வால்விலும் நீலம் கண்டால் வாங்கிய இடத்துக்குச் சொல்லி மாற்றிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி வேறு. பழைய பெட்டியில் சுடாத தோட்டாவோ குண்டோ கிடைத்தால், துருப்பிடித்தது, விரிந்தது, ‘செத்துப்போனது’ என்று எண்ணித் தொடாதீர்கள். உறை விரிந்தாலும் மருந்து சாகாது. 2004-இல் காஜியாபாத் அருகே ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

அபிராமபுரத்து மாமியின் சாடியில் மருந்து இல்லை; வெறும் உறை. “இது எப்போதும் கூடத்தில்தான் இருந்ததா?” என்று கேட்டேன். மாமி கொஞ்சம் யோசித்தார்.

“இல்லை, இல்லை. பழைய வீடு இருந்தபோது கொல்லையில் பசுமாடு உண்டு. கொட்டில் மாடத்தில் இதை வைத்து, தவிட்டுக் கரண்டியும் கயிறும் போட்டு வைத்திருந்தோம். வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டினபோதுதான் தேய்த்து உள்ளே கொண்டுவந்தேன்” என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். “அப்போ குதிரை இல்லை, எங்காத்து லக்ஷ்மிதான் பண்ணியிருக்கா!”

விழுந்த கீறல் கூடாது. ஆனால் கூடத்தில் அம்மோனியா இல்லாததால் மேலே ஓடாமல் நிற்கலாம். மாமி சாடியில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காகிதப் பூ வைத்திருக்கிறார். கீறலின் நுனியில் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கும்போதெல்லாம் கீறல் கோட்டைத் தாண்டியதா என்று பார்க்கிறாராம். இதுவரை தாண்டவில்லை.